பார்ஸி வகுப்புக்கு ஆறாவது பையன்

பாடம் நடத்துகிற வாத்தியாரை முதுகுக்குப் பின்னால்தான் திட்டுவார்கள். எந்தப் பாடம் படிக்கலாம் என்று யோசனை சொல்கிற வாத்தியாரை வீடு தேடி வந்து முகத்துக்கு நேரே திட்டுவார்கள். நான் இரண்டையும் வாங்கியவன். என்னைப் போலவே சாக்பீஸ் தூளைத் தின்று பிழைக்கிற சகோதர வாத்தியார்களே, உங்கள் ஹெட்மாஸ்டர் என்றைக்காவது தேனொழுகக் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்கு நீங்கள்தான் நல்ல வழி காட்ட வேண்டும்" என்றால், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

ஆம்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர வாத்தியார். எங்கள் பள்ளியில் நாலாம் பாரம் முடிக்கிற ஒவ்வொரு பையனும் அடுத்த இரண்டு வருஷத்துக்கு ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். சரித்திரம், சித்திரம், சமஸ்கிருதம், பாரசீகம் (எங்கள் ஊரில் பார்ஸி என்றால்தான் புரியும்), சுருக்கெழுத்து, டைப்ரைட்டிங் என்று ஒரு பட்டியல் இருந்தது. டைப்ரைட்டிங்குக்காக ஹெட்மாஸ்டர் சென்னையிலிருந்து இரண்டு மெஷின் வரவழைத்திருந்தார். "பிரயோஜனமில்லாத பாடத்திலே பையன்கள் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முருகேசன்" என்றார். தகப்பன்மாரைக் கூப்பிட்டுப் பேசி, படிவத்தில் பாடத்தை எழுதி, கையெழுத்து வாங்குவது என் வேலை.

நான் இதை ஆசையாகவே ஒப்புக்கொண்டேன். காரணம் உண்டு. குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, சென்னைக்குப் போய் சரித்திரத்தில் பி.ஏ. தேறினவன் நான். தேறிய பிறகு மூன்று வருஷம் வேலையில்லாமல் அலைந்தேன். பானிப்பட்டில் யார் யாரை ஜெயித்தார்கள் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள விரும்பிய முதலாளி ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த மூன்று வருஷத்தில் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. வேலை கிடைத்த பிறகு எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே நாற்பதும் தாண்டி, தோல் பதனிட உதவுகிற ஆவாரம்பட்டை கோடவுன் ஒன்றுக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு வாத்தியாராவது என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கக் கூடாதா என்ற கோபம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே நான் ஊரார் பிள்ளைகளின் கையை எல்லாம் பிடிக்கப் புறப்பட்டேன்.

முதல் போணி

முதல் வருஷம் முதல் ஆளாக வந்தவர் ஒரு தோல் ஷாப்பு (தோல் பதனிடுகிற பட்டறைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்) முதலாளி. வெள்ளை ஷெர்வானி, கமகமவென்று அத்தர். படிவத்தில், 'பையனை எந்தத் தொழிலுக்கு உத்தேசித்திருக்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் 'தோல்' என்று ஒரே வார்த்தை எழுதினார். அந்தக் கட்டத்தில் அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் விடவில்லை. சுருக்கெழுத்தின் மகிமை, சென்னைக் கம்பெனிகள், சீமைக்குப் போகிற கடிதங்கள் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை பாக்கெட் கடியாரத்தை மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்: "எந்தப் பாடம் வேணா எழுதிக்குங்க மாஸ்டர். காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அவன் ஷாப்பு பக்கம் வந்து ஆளுங்க வேலையக் கெடுக்காம இருந்தா எனக்குப் போதும்."

தடவிப் பார்த்தவர்

அடுத்த வாரம் வந்தவர் அதே ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோல் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். இவர் ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் சொல்லித் தனித்தனியாக வீசுவார். கண்ணை மூடிக்கொண்டு செய்வார் என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். தன் மகனுக்குச் சமஸ்கிருதம் எழுத வேண்டும் என்று வந்திருந்தார். பையன் ஆசைப்படுகிறானாம்.

நான் பையனின் மார்க்குப் பட்டியலைப் புரட்டிவிட்டு, சமஸ்கிருதம் வேண்டாம், டைப்ரைட்டிங்தான் என்றேன். இதைத் தீர்மானிக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும் என்றேன். என் சுறுசுறுப்பைப் பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நான் ஒரு தோல மூணு வாட்டி பொரட்டிப் பாக்கறேன் சார். கடைசித் தரம்னு ஒதுக்கினதுகூட பூட்ஸுக்கு உள்பக்கம் வெக்கப் போவும், குப்பைக்குப் போவாது. நீங்க எம் புள்ளய ஒரு வாட்டிகூட பொரட்டிப் பாக்கலியே."

திரைக்குப் பின்னால்

அந்த வார்த்தை இரண்டு நாள் உறுத்தியது உண்மை. மூன்றாம் நாள் இருபது படிவம் ஒன்றாக வந்து சேர்ந்ததால் உறுத்தலுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. உத்தியோகத்தில் இது ஒரு சௌகரியம், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ ஒருநாள், பள்ளிக்கூட வாசலில் திரை போட்ட ஜட்கா ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரன் உள்ளே வந்து, "அம்மா உங்களப் பாக்கணுமாம்" என்றான். கணவர் ரங்கூனில் வியாபாரம். இங்கே பிள்ளைகளை அந்த அம்மாள்தான் வளர்க்கிறார். நான் வெயிலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்துப் பேசினேன். இரண்டாவது மகனுக்குச் சுருக்கெழுத்து எழுதியிருக்கிறேன், கெட்டிக்காரப் பையன், பட்டணத்தில் உடனே வேலை கிடைத்துவிடும் என்று தைரியம் சொன்னேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் குரல் வந்தது: "கெடைக்கும், தெரியும் மாஸ்டர். பெரியவனுக்கும் நீங்கதான எழுதினீங்க, போய்ட்டான். தூரம் போவாத பாடம் எதுனா இருந்தா, இவனுக்கு அத எழுதுங்க."

அண்ணன் வந்தார்

என் பெரியப்பா மகன் குடியாத்தத்தில் ஆறு தறி வைத்து லுங்கி நெய்தவர். அவருடைய பையனும் எங்கள் பள்ளியில்தான் படித்தான். எந்த நோட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு வர்ணம் தீட்டி வைத்திருப்பான். சித்திரம் எடுக்கிறேன் என்று நின்றான். என் சொந்த ரத்தம் இப்படிப் பாழாகலாமா? "கட்டம் போடுவதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமா?" என்று அதட்டி, சுருக்கெழுத்து என்று எழுதிவிட்டேன். அண்ணனும் படித்த தம்பி சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பையன் தேறி, சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகவும் சேர்ந்துவிட்டான்.

அதற்கடுத்த வருஷம் அண்ணன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லுங்கி என்றால் கட்டம்தான் என்பதும், அந்தக் கட்டத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் தறி ஓடாது என்பதும், தறிக்காரன் மகனான எனக்கு மறந்தே போயிருந்தது. வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. தறி வீட்டில் பிறந்து வரலாறு படித்தவனால்தான் முடியும். வாசற்படியில் நின்றபடியே அண்ணன் சொன்னார்: "நீ ஒருத்தன் தறிய உட்டுப் போனியே, பத்தாதா? எம் புள்ளயையும் கூட்டினு போய்ட்ட. இப்ப கட்டம் வரைய வேற ஊர்லேர்ந்து ஆளு தேடினு கீறேன்டா."

பக்கத்து அறைக்காரர்

அதற்குப் பிறகு நான் பண்டிகைக்கும் குடியாத்தம் போவதில்லை. லீவு விட்டால் மற்ற வாத்தியார்கள் எல்லாம் மூட்டை கட்டுவார்கள். நான் என் அறையிலேயே இருப்பேன். கீழே கோடவுனில் பட்டை இடிக்கிற சத்தம் கேட்கும். லீவு நாளில் அதுவும் நின்றுவிட்டால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது. தனிமை என்பதைப் பெரிய வார்த்தையாக நினைக்காதீர்கள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவ்வளவுதான்.

எனக்கு இருந்த ஒரே சிநேகிதர் பார்ஸி வாத்தியார் லத்தீப் சாயபு; முன்ஷி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சிநேகம் ஏற்பட்டதே டைப்ரைட்டிங் மெஷினால்தான். மெஷின்களைப் பார்ஸி வகுப்புக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். நடுவில் அரைச்சுவர். இவர் மெல்லிய குரலில் ஒரு கவிதையை ஆரம்பித்தால், அந்தப் பக்கம் தடதடவென்று இடி இடிக்கும். போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று ஹெட்மாஸ்டர் என்னைத்தான் அனுப்பினார். நான் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றேன். முன்ஷி புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார்: "பரவால்ல மாஸ்டர் சாப். இத்தினி நாளு தாளம் இல்லாம பாட்டு சொல்லிக் குடுத்தேன். இப்ப தாளமும் வந்துட்ச்சி."

ஒருத்தன் போதும்

முன்ஷியின் மனைவி காலமாகிப் பல வருஷம். ஒரே மகளை வேலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் பாலாற்றுப் பக்கம் நடப்போம். ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலில் உட்கார்ந்துகொள்வோம். அவர் பார்ஸியில் இரண்டு வரி சொல்வார், பிறகு எனக்காகத் தமிழில் அர்த்தம் சொல்லப் பார்ப்பார், சரியான வார்த்தை கிடைக்காமல் கையை விரித்துவிடுவார். நான் பதிலுக்கு அவுரங்கசீப்பைப் பற்றி ஏதாவது சொல்வேன். இரண்டு பிரயோஜனமில்லாத பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் அண்ணன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் தயங்கித் தயங்கி, "இவனுக்குப் பார்ஸிதானே?" என்றேன். சொந்தச் சித்தப்பா முன்ஷியாக இருக்கும்போது வேறு என்ன எழுதுவது? அவர் பதறிப்போய் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்: "டைப்ரைட்டிங் எழுதுங்க. பார்ஸி படிச்சா என்ன மாதிரி ஆவான். என்ன மாதிரி ஒருத்தன் வூட்ல இருந்தாப் போதும்."

தெரிந்தே செய்தது

எங்கள் பள்ளி நிர்வாகத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு விருப்பப் பாடத்துக்கு ஆறு பையன்களுக்குக் குறைந்தால் அந்த வகுப்பை மூடிவிடுவார்கள். மற்ற வாத்தியார்களுக்குப் பயமில்லை; கீழ் வகுப்புகளிலும் அவர்களுக்குப் பாடம் இருந்தது. உருது சொல்லிக்கொடுக்கக் கீழ் வகுப்பில் வேறொருவர் இருந்தார். ஆகவே பார்ஸி போனால் முன்ஷிக்கு அங்கே வேலை இல்லை. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். முதலில் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள், பிறகு பத்து, பிறகு எட்டு, ஏழு. ஒவ்வொரு தகப்பனாரிடமும் டைப்ரைட்டிங் என்று எழுதும்போது, இந்த ஒருவன் போனால் என்ன, வேறு பிள்ளைகள் வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் அதே மனுஷருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். "முன்ஷி சாப், உங்க கிளாஸுக்கு வரவேண்டிய பசங்கள நான்தான் திருப்பி அனுப்பறேன். உங்களுக்குக் கோவம் இல்லியா?" அவர் கையிலிருந்த மணலைக் கீழே விட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியும். திருப்பி அனுப்பினவங்க நல்லா இருக்காங்களான்னு மட்டும் அப்பப்ப விசாரிச்சிக்குங்க. அது போதும்."

மை

அடுத்த வருஷம் ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள். படிவம் வாங்கக் கடைசி நாள். மீதியிருந்தது ஒரே ஒரு பையன், சலீம். அவன் தகப்பனார் இஸ்மாயில் பாய் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரர். ரோமம் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இவர் நாள் முழுக்க அதில் நின்று தோலைப் புரட்டுவார். உள்ளங்கையெல்லாம் வெடித்து, கந்தல் சுற்றியிருந்தது. எப்படியோ மகனை நாலாம் பாரம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "எத எழுதினா இவன் குழியில எறங்க மாட்டானோ, அத எழுதுங்க மாஸ்டர். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

மற்ற எந்த வருஷமாக இருந்தாலும் எனக்கு யோசிக்கவே தேவையிருந்திருக்காது. டைப்ரைட்டிங் என்று எழுத வேண்டிய பேனா, பார்ஸி என்று எழுதியது. பேனாமேல் பழியைப் போடவில்லை, நான்தான் எழுதினேன். ஆற்றுமணலில் நான் தனியாக உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்தது, எழுதிவிட்டேன். இஸ்மாயில் பாய்க்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதினேன் என்று கேட்கவும் இல்லை. அவர் கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினேன். சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகையே இல்லை, வெறும் கறுப்புத் திட்டாக விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. இதை ஒப்புக்கொள்வார்களா என்று அவருக்குத்தான் கவலை. ஒப்புக்கொள்வார்கள் என்றேன். அவர் கந்தலை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் மாஸ்டர்."

அடித்து எழுதியது

அன்று சாயங்காலம் நான் ஆற்றுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன் என்றே சொல்லலாம். "முன்ஷி சாப், ஆறு பேர் ஆய்ட்டாங்க! கிளாஸு தப்பிச்சிது!" என்று கத்தினேன். அவர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை, பார்த்தேன். பிறகு, ஆறாவது யார் என்று கேட்டார். சொன்னேன். இஸ்மாயில் பாய் என்ன கேட்டார் என்றார். அதையும் சொன்னேன். அவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து, தொழுகைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவர் இஸ்மாயில் பாயைக் குழிக்கரையில் போய்ப் பார்த்திருக்கிறார். ஹெட்மாஸ்டரிடம் கேட்டுப் படிவத்தை வாங்கி, பார்ஸியை அடித்துவிட்டு, டைப்ரைட்டிங் என்று இங்கிலீஷில் கோணல் மாணலாகத் தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் இன்னொரு கறுப்புத் திட்டும் வாங்கியிருந்தார். அதை என் மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தணிந்த குரலில்தான் கேட்டார்: "இத்தினி வருஷமா நீங்க சொன்னது நெசம்னுதான் நான் சும்மா இருந்தேன் மாஸ்டர் சாப். இந்த ஒரு பையனுக்கு மட்டும் அது எப்பிடி பொய்யாச்சு?"

பிளாட்பாரத்தில்

வகுப்பை மூடினார்கள். அந்த அறையில் மூன்றாவது மெஷின் வந்து உட்கார்ந்தது. முன்ஷி மகள் வீட்டோடு போய் இருக்கத் தீர்மானித்து வேலூருக்குப் புறப்பட்டார். ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நான் போனேன். ஒரு தகரப்பெட்டி, சுருட்டிய ஒரு ஜமக்காளம். வேறு யாரும் வரவில்லை. வழி முழுக்க என் மன்னிப்பை நாலைந்து விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வண்டி வருகிற வரைக்கும் மாம்பழ விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலூர் பக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பக்கம்தான். மனசில் குற்றம் உள்ளவனுக்கு அது சீமையைவிடத் தூரம். வண்டி அசைந்ததும், "காயிதம் போடுங்க முன்ஷி சாப்" என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கு உருது படிக்க வராது, எனக்குத் தமிழ் எழுத வராது. இத்தினி வருஷம் பேசினே இருந்தமா, இது ஞாபகமே வரல பாருங்க."

சட்டைப்பையில் சர்டிபிகேட்

நான் நல்ல வழி காட்டினவர்கள் எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீமையில் ஏதோ வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். இங்கே தோல் விலை விழுந்தது. பாதி ஷாப்புகளில் குழி காய்ந்து கிடந்தது. அத்தர் முதலாளியின் ஷாப்பிலும் பூட்டுத் தொங்கிற்று. பட்டணத்துக் கம்பெனிகள் ஆட்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பின. பார்ஸி பக்கம் போகாமல் நான் காப்பாற்றிய பையன் ஒருவன், வேகமாக டைப் அடிக்கிறவன், கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டான். நான் ஓரமாக நழுவப் பார்த்தேன், முடியவில்லை.

சட்டைப்பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினான். மடித்து மடித்து நாலு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது. என்னுடையதும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அவன் கோபப்படவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்: "சார், இப்ப தம்பி நாலாம் பாரம் வந்துட்டான். அவனுக்கு இன்னா பாடம் எழுதலாம், சொல்லுங்க."

இரண்டு வரி

சலீம் பிழைத்துக்கொண்டான். மூடாமல் தப்பிய ஒரு தோல் மண்டியில் டைப்பிஸ்ட் வேலை. வெள்ளைச் சட்டை, சீவிய தலை. குழியில் இறங்கவில்லை. முன்ஷி எழுதியதுதான் சரி, நான் எழுதியது தப்பு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

முன்ஷி போய் மூன்று வருஷம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்குக் கடிதம் வருவதே அபூர்வம் என்பதால் தபால்காரர் இரண்டு தடவை பேரைப் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். மேல்விலாசம் மட்டும் யாரோ இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். உள்ளே முழுக்க உருது. இடமிருந்தா வலமிருந்தா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சலீமின் மண்டிக்கு எடுத்துப் போனேன். அவன் மெஷினை ஒதுக்கிவிட்டு, எனக்கு நாற்காலி போட்டுப் படித்துச் சொன்னான். முழங்கால் வலிக்கிறது, பேரன்மாருக்கு உருது எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், வேலூர் வெயில் ஆம்பூர் வெயிலைவிட ஜாஸ்தி, நீங்கள் இப்போதும் சாயங்காலத்தில் ஆற்றுக்குப் போகிறீர்களா, யாரோடு போகிறீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். நான் யாரோடும் போவதில்லை.

சலீம் தாளைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மரியாதையாக மடித்து என்னிடம் கொடுத்தான். "கடைசியா உங்களுக்குன்னு பேர் போட்டு ரெண்டு வரி எழுதிக்கிறார் சார். அது பார்ஸி. எனக்குத் தெரியாது. எங்க வருஷத்துலதான் அந்தக் கிளாஸே எடுத்துட்டாங்களே."

ஊரில் பார்ஸி தெரிந்த பெரியவர்கள் இல்லாமல் இல்லை. மசூதித் தெருவில் போய்க் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வகுப்பு யாரால் காலியாயிற்று என்பதை அவர்களில் ஒருவரும் மறக்கவில்லை. அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு முகமில்லை. வேலூருக்கே போய் அவரைக் கேட்கலாம். அதற்கும் நாலு தடவை ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவர் அந்த இரண்டு வரியில் என்னை மன்னித்திருக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். இந்த வருஷத்துப் படிவங்கள் இதோ மேஜைமேல் வந்திருக்கின்றன.

பிரயோஜனமில்லாத பாடங்களிலிருந்து பிள்ளைகளைத் தாராளமாகத் திருப்பிவிடுங்கள், சகோதரர்களே; ஒருவனை மட்டும் திருப்பாமல் விட்டுவையுங்கள், என்றைக்காவது உங்களுக்கும் ஒரு கடிதம் வரும்.